கையின் அறிவுக்குச் சாட்சி

ஒரு தொழிலைப் பள்ளியில் கற்றவனும் உண்டு. பள்ளி வாசலை மிதியாமல் வேலைத்தலத்திலேயே கற்றவனும் உண்டு. முன்னவன் கையில் அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறது. பின்னவன் கையில் காய்ப்பு இருக்கிறது. இருவரும் ஒரே வேலையை ஒரே நேர்த்தியுடன் செய்வார்களானால், முன்னவனை மட்டும் தேர்ந்த தொழிலாளி என்று அழைப்பது நீதியாகுமா? பின்னவனுக்கும் அதே பத்திரத்தைக் கொடுக்கலாமென்றால், எதை நம்பிக் கொடுப்பது?

இக்கேள்வி வேலையையும் கூலியையும் மட்டும் பற்றியது என்று நினைத்துவிட வேண்டாம். நீதி என்னும் புண்ணியமும் உண்மை என்னும் புண்ணியமும் இதிலே சந்திக்கின்றன. உரியவனுக்கு உரியதைக் கொடு என்கிறது நீதி. இல்லாததை உண்டென்று எழுதாதே என்கிறது உண்மை. இரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்துக்கொண்டால் கேடு விளையும். எப்படியென்று பார்ப்போம்.

பொதுப்படப் பேசினால் பொருள் விளங்காது. ஆகவே ஒரு தொழிலையும் ஒரு தேசத்தையும் எடுத்துக்கொள்வோம். தொழில், டைல்ஸ் பதித்தல். நம் குடும்பங்களில் பலருக்குச் சோறு போடும் தொழில்தான். தேசம், ஆஸ்திரேலியா. வேலையிலே கற்றவனுக்கு எப்படிப் பத்திரம் கொடுப்பது என்பதை அந்நாட்டார் விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றியும், வேறு நாடுகளில் டைல்ஸ் தொழில் கற்று அங்கே குடியேற விரும்புகிறவர்களுடைய திறமையை மதிப்பிட அரசாங்க அமைப்பு ஒன்றும் அங்குண்டு. நம்மவர் பிள்ளைகள் அந்தப் படிவங்களை நிரப்ப வேண்டி வரலாம்.

விதி சொல்வது யாது?

ஆஸ்திரேலியாவில் சுவர், தரை டைல்ஸ் தொழிலுக்கென மூன்றாம் நிலைச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. சாதாரணமாக ஓர் இளைஞன் மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு முதலாளியிடம் பயிற்சித் தொழிலாளியாக இருந்து, இடையிடையே தொழிற்பள்ளிக்கும் சென்று இதைப் பெறுகிறான். இந்தச் சான்றிதழ் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. பதிப்பதற்கு முன் பரப்பைத் தயார் செய்தல், தரையில் பதித்தல், சுவரில் பதித்தல், பழுது பார்த்தல், வளைந்த பரப்பில் பதித்தல், மொசைக் வேலை, ஈரம் இறங்காமல் தடுக்கும் பூச்சு முதலியவை அப்பகுதிகள்.

இது அலங்காரத்துக்குச் சட்டமிட்டு மாட்டும் பத்திரமன்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், குடியிருப்பு வீடுகளில் கூலியும் சாமானும் சேர்ந்து 5,000 டாலருக்கு மேற்பட்ட டைல்ஸ் வேலையை ஒப்பந்தம் பேசிச் செய்ய லைசென்ஸ் வேண்டும். குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் வரம்பு 3,300 டாலர். லைசென்ஸ் கேட்பவனிடம் தொழில் தகுதியைக் காட்டு என்பார்கள். பத்திரமில்லாதவன் எத்தனை ஆண்டு வேலை செய்திருந்தாலும் பிறர் கீழே கூலியாளாக இருக்க வேண்டியதுதான். சொந்தமாக ஒரு வீட்டு வேலையைப் பேசி எடுக்க இயலாது.

இப்படிப்பட்டவனுக்கென்று வேறு ஒரு வழியை அந்நாட்டு விதி திறந்து வைத்திருக்கிறது. முன்பே கற்றதை ஏற்று மதித்தல் என்பது அதன் பொருள். நாற்பது வயதுக்காரனைப் பதினெட்டு வயதுப் பையன்களோடு மறுபடி பெஞ்சில் உட்கார வைப்பதில்லை. அவன் தன் அனுபவத்துக்கு ஆதாரங்களைக் கொண்டு வர வேண்டும். செய்து முடித்த வேலைகளின் புகைப்படங்கள், சம்பளச் சீட்டுகள், பில்கள், முதலாளிகளின் கடிதங்கள் ஆகியவை ஆதாரங்கள். பிறகு தொழில் தெரிந்த ஒரு மதிப்பீட்டாளர் அவனோடு பேசுகிறார். தேவையானால் அவன் வேலை செய்வதை நேரில் பார்க்கிறார். எந்தப் பகுதியில் குறை காணப்படுகிறதோ, அந்தப் பகுதியை மட்டும் கற்றுத் தேறினால் போதும்.

நீதியின் பக்கம்

இந்த ஏற்பாடு சரிதானா? சரியென்றே சொல்ல வேண்டும். ஒருவன் எங்கே உட்கார்ந்து கற்றான் என்பதைத் தொழிற்பத்திரம் கூற வருவதில்லை. அவனால் எது முடியும் என்பதையே கூற வருகிறது. முடியுமென்பது உண்மையானால், கற்ற இடத்தைக் காரணம் காட்டி மறுப்பது அவனுக்கு உரியதைப் பிடித்து வைப்பதாகும்.

பிற நாடுகளும் இதை உணர்ந்திருக்கின்றன. பிரான்ஸ் தேசத்தில், பொறியியற் கல்லூரியில் படியாமல் தொழிலிலேயே உயர்ந்தவர்கள் பரீட்சை கொடுத்து எஞ்சினீயர் பட்டம் பெற 1934 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்தது. 2002 ஆம் ஆண்டில் அத்தேசம் இன்னும் ஒரு படி மேலே சென்று, அனுபவத்தை மதிப்பிட்டுப் பட்டங்களும் பத்திரங்களும் வழங்குவதைச் சட்டமாக்கியது. நம் நாட்டிலும் 2015 ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. கொத்து வேலையிலும் டைல்ஸ் வேலையிலும் உள்ள நம்மவர் இதை அறிந்திருப்பது நலம்.

இதற்கு ஒரு தடை சொல்லப்படுவதுண்டு. "மூன்று நான்கு வருஷம் குறைந்த கூலிக்குப் பயிற்சியில் இருந்தவன் என்ன முட்டாளா? அவனுக்குக் கிடைத்த அதே பத்திரத்தை இவன் சில மாதத்தில் வாங்கிக்கொண்டு போவதா?" என்கிறார்கள். திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையில் முணுமுணுத்தவர்களை இது நமக்கு நினைவூட்டலாம். ஆனால் இங்கே நிலைமை வேறு. கடைசி மணி நேரத்தில் வந்து முழுக் கூலி பெறுகிறவனல்ல இவன். விடியற்காலையிலேயே வந்து, நாள் முழுவதும் வெயில் தாங்கி உழைத்தவன். அவன் பெயரைப் பேரேட்டில் எழுதத்தான் யாரும் முன்வரவில்லை. சித்தாளாகச் சாந்து சுமந்த காலத்தையும், மேஸ்திரியிடம் திட்டு வாங்கிக் கற்ற காலத்தையும் கூட்டிப் பார்த்தால், பயிற்சித் தொழிலாளியைவிட அதிகமான விலையையே இவன் கொடுத்திருப்பான். விடுபட்ட பெயரை எழுதுவது சலுகையாகாது, கடனைத் தீர்ப்பதாகும்.

அனுபவம் எதைக் கற்பிக்கும், எதைக் கற்பிக்காது

இனி உண்மையின் பக்கத்துக்கு வருவோம். அனுபவம் சிறந்த ஆசான் என்று எல்லாரும் சொல்கிறோம். எல்லாப் பாடத்திலும் அது சிறந்த ஆசானா?

அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்க ஞானி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அனுபவமில்லாமல் விதியை மட்டும் அறிந்தவனைவிட, அனுபவமுள்ளவனே காரியத்தில் வெற்றி பெறுகிறான் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். எனினும், காரியம் இப்படி நடக்கிறது என்று மட்டும் அறிந்தவனைவிட, ஏன் இப்படி நடக்கிறது என்றும் அறிந்தவனே மேலானவன் என்பது அவர் முடிவு.

டைல்ஸ் வேலையிலே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. அறையின் மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க, ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் அளந்து குறியிட்டு, இரண்டு குறிகளுக்கும் இடையே 5 அடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதன் கணிதக் காரணத்தைக் கேட்டால் பலர் சொல்ல மாட்டார்கள். சொல்லாவிட்டாலும் மூலை சரியாகவே வரும். இங்கே காரணம் தெரியாதது குற்றமில்லை. கை அறிந்ததே போதும். வாய்ப் பரீட்சையில் திணறுகிறான் என்பதற்காக இப்படிப்பட்டவனைத் தள்ளுகிற மதிப்பீட்டாளர் அநியாயம் செய்கிறார்.

ஆனால் வேறு வகைக் காரியங்களும் இந்தத் தொழிலில் இருக்கின்றன. சற்று நிதானித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். உடனே தண்டிக்கிற தவறுகளை அனுபவம் நன்றாகக் கற்பிக்கிறது. வரிசை கோணினால் அன்று மாலையே வீட்டுக்காரர் கண்ணில் படும், பிரித்துப் பதிக்க வேண்டும், கூலி நஷ்டம். ஆகவே இரண்டாம் முறை கோணாது. ஆனால் நாள் சென்று தண்டிக்கிற தவறுகளையும், நம்மைத் தண்டியாமல் பிறரைத் தண்டிக்கிற தவறுகளையும் அனுபவம் கற்பிப்பதில்லை. அவற்றின் விளைவு வெளிப்படும்போது நாம் அந்த வீட்டில் இல்லை. வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறோம்.

குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் 2022 ஆம் ஆண்டுக் கட்டட விதித்தொகுப்பு, தண்ணீர் போகும் வாய் வைத்த குளியலறைத் தரைக்கு வாட்டம் 80-க்கு 1 என்பதற்குக் குறையாமலும் 50-க்கு 1 என்பதற்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது. வாட்டம் குறைந்தால் மூலையில் தண்ணீர் தேங்கும். அடியிலே ஈரத்தடுப்புப் பூச்சு சரியாக இல்லையென்றால், தேங்கிய நீர் சுவருக்குள் இறங்கி, சில வருஷம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத் தோன்றும். டைல்ஸுக்கு அடியில் பசை முழுவதும் பரவாவிட்டால், தட்டும்போது பொள்ளென்று ஒலிக்கும். பாரம் விழுந்த அன்று உடையும். பெரிய தரையில் விரிவுக்கு இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்தால், ஒரு காலத்தில் அவை கூடாரம்போல் மேலெழும்பும். பதித்த அன்று பார்த்தால் நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் வித்தியாசமே தெரியாது.

தூசியை எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸை நனைக்காமல் மெஷினில் அறுக்கும்போது சிலிக்காத் தூள் பறக்கிறது. அது நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்குகிறது. அந்த நோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே தலை காட்டும். அதுவரை அனுபவம் என்ன சொல்லிக்கொடுக்கும்? "இத்தனை வருஷமாக இப்படித்தானே அறுக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றுதான் சொல்லிக்கொடுக்கும். பக்கத்தில் நிற்கும் சித்தாள் பெண்ணும் அந்தத் தூசியைத்தான் சுவாசிக்கிறாள் என்பதை அது சொல்லாது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல் பலகைகளால் தொழிலாளர் பலர் நோயுற்றதால், அவற்றை 2024 ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அறவே தடை செய்தது.

ஆதலால், "இருபது வருஷம் வேலை செய்த என்னையா சோதிப்பது?" என்று கோபிக்கிற சகோதரனுக்கு நாம் அன்போடு சொல்லக்கூடிய பதில் இதுதான்: உன் கண்ணுக்குத் தெரிந்ததில் உன்னைச் சோதிக்க வேண்டியதில்லை. உன் இருபது வருஷம் எங்கே உன்னிடம் பேசாமல் இருந்ததோ, அங்கேதான் சோதனை வேண்டும். மூடி மறைக்கப்படும் வேலையை வீட்டுக்காரர் பார்க்க முடியாது. பார்க்க முடியாததற்கு அவர் உன்னை நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது அவமானமாகாது.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதில் நமக்கு உதவுகிறார். தொழில் என்பது செய்யப்படும் பொருளைப் பற்றிய சரியான அறிவு என்றும், தொழிலாளி என்ற முறையில் ஒருவன் புகழப்படுவது அவன் செய்த பொருளின் தரத்துக்காக என்றும் அவர் போதிக்கிறார். ஆகவே மதிப்பீட்டாளர் சோதிப்பது உன் வேலையை. உன்னை மனிதனாக எடை போட அவருக்கு அதிகாரம் இல்லை. ஒரு பகுதியில் நீ தேறாவிட்டால், அந்தப் பகுதியை நீ இன்னும் கற்கவில்லை என்பது மட்டுமே பொருள். அதுபோலவே, பத்திரம் பெற்றவன் அதனால் பத்திரமில்லாத தன் தோழனைவிட நல்ல மனிதனாகிவிடவும் இல்லை.

சாட்சி சொல்வோர் கடமை

அனுபவத்தால் பெறும் பத்திரம் முழுவதும் சாட்சியத்தின் மேல் நிற்கிறது. ஆஸ்திரேலிய விதிகள் ஆதாரங்களுக்கு நான்கு தன்மைகளைக் கேட்கின்றன. கேட்ட திறமையையே அது காட்ட வேண்டும். போதுமான அளவு இருக்க வேண்டும். கொண்டு வருபவருடைய சொந்த வேலையாக இருக்க வேண்டும். அண்மைக் காலத்ததாக இருக்க வேண்டும். இந்த நான்கும் நம் மனச்சாட்சிப் பரிசோதனைக்கும் பொருந்தும்.

அண்ணன் பதித்த சுவரைப் படமெடுத்துத் தன் வேலையென்று காட்டுகிறவன் பொய்ச்சாட்சி சொல்கிறான். உறவுக்காரப் பையன் என்பதற்காக, மூன்று மாதம் வந்து போனவனுக்கு ஐந்து வருஷம் வேலை செய்தான் என்று கடிதம் எழுதிக் கொடுக்கிற மேஸ்திரியும் பொய்ச்சாட்சி சொல்கிறான். "ஒரு கையெழுத்துத்தானே, பிள்ளை பிழைத்துப் போகட்டும்" என்பது தயவாகத் தோன்றும். அந்தக் கையெழுத்தை நம்பி வீட்டை ஒப்படைக்கப் போகிற குடும்பத்தை நினைத்தால் அந்தத் தயவின் மறுபக்கம் தெரியும். எட்டாம் கற்பனை நீதிமன்றக் கூண்டில் நிற்பவனுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதன்று.

இந்தப் பொய் எங்கே கொண்டு விடும் என்பதற்கு அண்மையில் நடந்ததே சாட்சி. ஆஸ்திரேலியாவில் சில நிறுவனங்கள் உண்மையான பயிற்சியோ சோதனையோ இல்லாமல் பத்திரங்களை வழங்கியதாகக் கண்டு, தொழிற்கல்வியைக் கண்காணிக்கும் அந்நாட்டு அரசு அமைப்பு 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பல ஆயிரம் பத்திரங்களை ரத்துச் செய்யத் தொடங்கியது. குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்கும் வேலைக்கான பத்திரங்களும் அவற்றில் இருந்தன. அந்த ஆயிரக்கணக்கானவர்களில் உண்மையாகவே தொழில் தெரிந்தவர்களும் இருந்திருக்க மாட்டார்களா? பணத்துக்குப் பத்திரம் விற்பவன் வாங்குகிறவனை மட்டுமா ஏமாற்றுகிறான்? நேர்மையாகப் பெற்றவனுடைய பத்திரத்தின் மதிப்பையும் அவன் திருடிவிடுகிறான்.

பேசிப் பொய்ச்சாட்சி சொல்வது ஒரு பாவமென்றால், பேச வேண்டிய இடத்தில் மௌனமாயிருப்பதும் குற்றமே. தன்னிடம் பத்து வருஷம் உழைத்தவன் கடிதம் கேட்கும்போது, "கொடுத்தால் சொந்தமாகத் தொழில் தொடங்கிப் போய்விடுவான்" என்று பயந்து தள்ளிப் போடுகிற முதலாளிகள் உண்டு. கூலி கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். தீரவில்லை. அவன் உழைத்தான் என்ற உண்மையும் அவனுக்கு உரியது. அது அவர்கள் கையில் இருக்கிறது. அதுபோலவே, சீட்டும் கணக்கும் இல்லாமல் கையில் பணமாகவே கூலி கொடுத்து வருகிறவர்கள், தொழிலாளியின் பத்து வருஷத்தை ஒரு தடயமும் இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். பத்திரம் பெறுகிற வழி சட்டத்தில் திறந்திருந்தும், நுழைவதற்கு வேண்டிய காகிதம் ஏழையிடம் இல்லாமற்போவது பெரும்பாலும் இதனால்தான். இவனுக்கு, எழுத்தை விட்டுக் கையைப் பார்க்கும் செய்முறைச் சோதனையே நீதியான வழி. மதிப்பீடு செய்கிறவர்கள் இதை மறக்கலாகாது.

நாம் செய்யக்கூடியவை

முடிவாக, குடும்பங்களுக்குப் பயன்படும் சில வார்த்தைகள்.

தொழிலாளிச் சகோதரர்களே, உங்கள் வேலைக்கு இன்றிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எத்தனை சதுர அடி, என்ன வகை வேலை என்று எழுதுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மகளோ மகனோ எழுதித் தரட்டும். அப்பாவின் தொழில் இன்னதென்று பிள்ளைகள் அறிய அதுவே நல்ல வழியாகும். படமெடுக்கும்போது பளபளக்கும் தரையை மட்டும் எடுக்காதீர்கள். மூடுவதற்கு முன் உள்ள நிலையையும், பூச்சையும், வாட்டம் பார்த்த ரசமட்டத்தையும் எடுங்கள். மறைந்திருக்கும் வேலைக்கு அதுவே சாட்சி. தெரியாத பகுதி எதுவென்று உங்களுக்கே தெரியும்; அதைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

மேஸ்திரிமாரே, முதலாளிகளே, கேட்கும்போது கடிதம் கொடுங்கள். செய்தவனுக்குச் செய்த அளவு எழுதுங்கள்; கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பெற்றோர்களே, பத்திரம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வருபவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் மகன் வேலை செய்வதை யார் வந்து பார்ப்பார்?" பதில் இல்லையென்றால் அந்தப் பத்திரத்தை நம்ப வேண்டாம்.

வீடு கட்டுகிறவர்களே, பத்திரம் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் பத்திரமில்லாதவனைத் தொழில் தெரியாதவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவன் பதித்த தரை ஒன்றைச் சென்று பாருங்கள். வாட்டம் எப்படி வைத்தாய், அடியில் என்ன பூசினாய் என்று கேளுங்கள். நன்றாகச் செய்தவன் சந்தோஷமாகப் பதில் சொல்வான். அவனிடம் இப்படி யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.